வளைவுப் பெரியவர்

உங்கள் சட்டையின் நடுப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்குகிறது, ஐயா. கழற்றிக் கொடுங்கள், பேசிக்கொண்டே தைத்துவிடுகிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது. விசாரணைக்காக அல்ஜியர்ஸிலிருந்து இந்த மலைவரை வந்துவிட்டு, பொத்தான் இல்லாத சட்டையோடு திரும்பிப் போனால், தாலா இம்லாலில் தையல்காரன் செத்துவிட்டான் என்று பேசுவார்கள். பனியனோடு உட்காருங்கள், பரவாயில்லை. இங்கே எட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஊர் துக்கத்தில் இருக்கிறது.

சாலையோரம் மேலிருந்து வளைவுவரை புதரை வெட்டியிருக்கிறார்கள், அந்த வளைவை மட்டும் ஏன் விட்டார்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மெஸியானிடமும் கேட்டிருக்கிறீர்கள், அவன் "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். ஊரைக் கேட்டீர்கள், ஊரும் அவன் தப்பு என்றது. குற்றம் சாட்டுகிறவனும் ஒப்புக்கொள்கிறவனும் ஒரே பதிலைச் சொன்னால் உங்கள் வேலை முடிந்தது. அப்புறமும் ஏன் என் கடைப்படி ஏறினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பொத்தானுக்காக என்று வைத்துக்கொள்கிறேன்.

என் பெயர் ஷபான். இந்த மலையில் கல்யாணமான பெண்களில் பாதிப்பேர் உடுத்திய ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த உடுப்பு என் மெஷினில் ஓடியதுதான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. சொத்தென்று சொன்னால் இந்தக் கடை, இந்த மெஷின், அப்புறம் என் வாய். ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆண் கல்பெஞ்சில் வந்து உட்காரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் தண்ணீர், வேலி, மாடு என்று பேசுவார்கள். நான் ஒரு வார்த்தை சொல்வேன், கூட்டம் சிரிக்கும். அதுதான் என் பதவி. சம்பளம் கிடையாது, ஆனால் யாரும் என்னிடமிருந்து பிடுங்கியதும் கிடையாது. ஒரே ஒரு முறை தவிர.

மெஸியான் என் பெரியப்பா மகன். பாட்டன் நிலத்தைப் பிரித்தபோது அவன் வீட்டுக்கு ஊற்றும் அத்தித் தோட்டமும் போயின. எங்கள் பங்குக்குச் சாலை வளைவில் கிடந்த ஒரு புதர் வந்தது. நடுவில் ஒரு பழைய ஓக் மரம், சுற்றிலும் முள், காட்டு ஒலிவம், ஆள் உயரத்துக்கு மஞ்சள் பூப்பூக்கும் குச்சிச் செடி. ஆட்டுக்குக்கூடப் பிடிக்காத செடி அது. என் அப்பா அதை "நம்ம காடு" என்பார். எனக்கு நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மெஸியான் பிரான்சுக்குப் போனான். அங்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் காலத்தை ஓட்டிவிட்டு, ஓய்வூதியத்தோடும் கழுத்தில் ஒரு விசிலோடும் திரும்பி வந்தான். எதற்கெடுத்தாலும் விசில். ஊற்றில் பெண்கள் வரிசை கலைந்தால் விசில். சவ ஊர்வலத்தில் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவதற்கும் விசில் ஊதினான் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். ஊர் நம்பியது, நம்பும்படிதான் அவன் இருந்தான். ஊர் அவனைக் கூட்டத் தலைவனாக்கியது.

அவன் முதலில் கையில் எடுத்தது சாலையை. பக்கத்து மலைகளில் தீ வந்து போனதை எல்லோரும் பார்த்திருந்தோம். எங்களுக்குக் கீழே போக ஒரே சாலை. அந்தச் சாலையின் கழுத்து என் வளைவு. ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் என் புதர். ஒரு வண்டி ஏறினால் இன்னொன்று இறங்க முடியாது. நெருப்பு வந்தால் தீயணைப்பு வண்டி மேலே வரவேண்டும், ஜனம் கீழே போகவேண்டும், இரண்டும் அங்கே முட்டிக்கொள்ளும் என்றான். புதரை வெட்டி, பின்னால் இருக்கும் மண்மேட்டைச் சரித்தால் வழி கிடைக்கும் என்றான்.

அவன் சொன்னது சரி. அது எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்லமாட்டேன். எந்த உடம்பு எந்தத் துணிக்குள் நுழையும், எது நுழையாது என்று பார்த்தே சொல்கிற கண் இது. அந்த வளைவைப் பார்க்க எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் நான் வழக்கம்போல என் வேலையைச் செய்தேன். "மெஸியான், நீ எதுக்குப்பா கஷ்டப்படற. நெருப்பு வந்தா ஒரு விசில் ஊது. அது வரிசையில நின்னு வழி விட்டுட்டுப் போயிடும்" என்றேன். கூட்டம் சிரித்தது.

அவன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். பிரான்சில் அதைக் கற்றிருக்கவேண்டும். அப்புறம் சொன்னான்: "உனக்கென்னடா ஷபான். ஊருப் பொம்பளைங்க இடுப்ப அளந்துக்கிட்டே ஆயுச ஓட்டிட்ட. ஆம்பளைங்க வேலைன்னு வந்தா உனக்கு வாய் மட்டும்தான் அருவா. உங்கப்பன் உனக்கு விட்டதே ஒரு புதரு. அதக்கூட உன்னால வெட்ட முடியல, நாங்கதான் வந்து வெட்டணும்."

கூட்டம் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். நான் எத்தனையோ வருஷமாக அந்தக் கூடத்தில் சிரிப்பு மூட்டியிருக்கிறேன், அப்படி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. என் அக்கா மகன் முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தான். தாடி நனையச் சிரித்த கிழவர்கள் இருந்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும். நான் கோபித்துக்கொள்கிறவன் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். புதரை வெட்டக்கூடாது என்று நான் சொன்னால் அது பொறாமை. நானே வெட்டிவிட்டால் அது தோல்வி. நான் வாய் திறக்காமலே புதர் நிற்கவேண்டும்.

உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் மலையில் சில இடங்களுக்குக் காவல் உண்டு. கண்ணுக்குத் தெரியமாட்டார். 'பெரியவர்' என்போம். ஒரு மரத்தடி, ஒரு பாறை, ஒரு ஊற்றுக்கண், எங்கேயாவது அவர் உட்கார்ந்திருப்பார். பெண்கள் போய் மெழுகுவத்தி ஏற்றி, துணி கட்டி, மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டு வருவார்கள். அந்த இடத்தில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். பச்சைக் கிளையை விடுங்கள், காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்துவரமாட்டார்கள். பள்ளிவாசல் இமாம் தலையில் அடித்துக்கொள்வார். அவர் மனைவியும் கட்டுவாள்.

துணி என்னிடம் நிறைய இருக்கிறது, ஐயா. பார்க்கிறீர்களே, அந்த மூட்டை முழுக்க வெட்டித் துண்டுகள்.

ஒரு விடியலில் போய் ஓக் மரத்தில் ஒரு துண்டு கட்டினேன். பச்சை லைனிங் துணி. அடியில் பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்றை வைத்தேன். அவ்வளவுதான். மறுநாள் ஃபெர்ரூஜா உடுப்பு வாங்க வந்தாள். ஊரில் எந்த வீட்டு ரொட்டி அடியில் கருகியது என்று அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் தெரிந்துகொள்கிற பெண்மணி. அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, அந்த வளைவு மரத்தடியில யாரோ உக்காந்திருப்பாருன்னு உங்கம்மா எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா?"

"யாரு?"

"தெரியல. சும்மா கேட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விதான் கேட்டேன். அந்த வாரமே அவள் அம்மா, செத்துப் பல காலமான அந்த அம்மா, வளைவில் வெள்ளைப் புர்னூஸ் அங்கி போர்த்திய ஒருவரைக் கண்டிருந்தாள். அடுத்த வாரம் அவருக்குத் தாடி முளைத்தது. அதற்கடுத்த வாரம் அவர் என்னைவிட நன்றாகப் பேசினார். நான் ஒரு துண்டு துணி கட்டினேன், ஊர் அதில் ஒரு ஆளையே தைத்துக்கொண்டது. தொழில்காரனாகச் சொல்கிறேன், தையல் நேர்த்தியாக இருந்தது.

மெஸியானுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்வேலைக்கு நாள் குறித்துவிட்டான். ஊர்வேலை என்றால் எல்லா வீட்டு ஆண்களும் வரவேண்டும். வராதவன் முகத்தில் அப்புறம் யாரும் விழிக்கமாட்டார்கள். வெட்டரிவாள், மண்வெட்டி, மோட்டார் ரம்பம் எல்லாம் ஊர்ச் சொத்து. அவை இருப்பது என் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில். எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது என் பொறுப்பு. ஏன் தையல்காரனுக்கு அந்தப் பொறுப்பு என்று கேட்காதீர்கள். ஊரில் யாரிடம் எப்போதும் மெஷின் எண்ணெய் இருக்கிறதோ அவனிடம் கொடுத்துவிட்டார்கள். முந்தின நாள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டேன். ரம்பத்தின் சங்கிலியைப் பிடித்திருக்கும் மரையைக் கொஞ்சம் தளர்த்தினேன். கொஞ்சம்தான். வேலை சீக்கிரம் நிற்கட்டும் என்று.

நல்ல நாள் அது. பெண்கள் பெரிய அண்டாவில் கூஸ்கூஸ் ரவை கிளறினார்கள், ஆட்டிறைச்சி வெந்தது. ஆண்கள் மேலிருந்து சாலையின் இரு ஓரமும் வெட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெட்டியதையெல்லாம் இழுத்துக்கொண்டே வந்தார்கள். வளைவைத் தாண்டி ஆற்றங்கரையில் போட்டு, மழைக்காலத்தில் எரிப்பதாகத் திட்டம். நானும் இழுத்தேன். "பாத்து ஷபான், இடுப்பப் புடிச்சுக்கப் போகுது" என்றான் ஒருவன். அந்தச் சிரிப்பு இன்னும் தீரவில்லை என்று தெரிந்தது.

வளைவுக்கு வந்ததும் அரிவாள்கள் நின்றன. மரத்தில் அதற்குள் நிறையத் துணி தொங்கியது. ஒருவன் சிகரெட் பற்றவைத்தான். ஒருவன் செருப்பில் முள் எடுக்க உட்கார்ந்தான். மெஸியான் விசில் ஊதினான். இன்னும் பலமாக ஊதினான்.

"என்னடா ஆச்சு உங்களுக்கு? இது மரம்டா. கந்தல் தொங்குற மரம்."

"தெரியும் தலைவரே" என்றான் சிகரெட் பற்றவைத்தவன். "நீங்களே மொதல்ல வைங்க."

அவன் ரம்பத்தை வாங்கினான். கயிற்றை இழுத்து முடுக்கி, மரத்தின் தாழ்ந்த கிளையில் வைத்தான். சங்கிலி கழன்று துள்ளி அவன் இடது கையைத் தொட்டது. கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் போயின. நான்தான் முதலில் ஓடிப்போய்த் தலைப்பாகைத் துணியால் கட்டுப் போட்டேன். நல்ல கட்டு என்று கீழே ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அத்தோடு ஊர்வேலை கலைந்தது. மேலிருந்து இழுத்துவந்த கிளைகள், முட்கள், செடிகள் எல்லாம் வளைவிலேயே, மரத்தை ஒட்டிக் குவிந்து கிடந்தன. அதை எடுத்து ஆற்றங்கரையில் போட யாராவது வருவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். வரவில்லை. பெரியவர் காலடியில் கிடப்பது பெரியவருடையது. சாலையின் மொத்தக் குப்பையும் ஒரே இடத்தில் சேர்ந்து, வெயிலில் காய்ந்து, நிறம் மாறி, புனிதமாகிவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை, ஐயா. அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை நான்.

அப்புறம் ஜூஹர் வந்தாள். மெஸியான் மனைவி. கடைக்குள் வந்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, ஒரு துண்டுத் துணி வேணும். அவருக்குத் தெரியவேணாம்."

"எதுக்குமா?"

"எம்பொண்ணு நுவாராவுக்குத்தான். கல்யாணமாகி இத்தன வருஷமாச்சு, வயித்துல ஒண்ணும் தங்கல. இவரு என்னடான்னா பெரியவர் மேல ரம்பத்த வச்சுட்டாரு. நான் போய் கால்ல விழுந்தாத்தான் ஆகும்."

ஜூஹரை எனக்குப் பிடிக்கும். என் மனைவி படுக்கையில் கிடந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தவள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் இருந்தது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள், அப்புறம் அவனிடம் சொல்லியிருப்பாள், அவன் கூட்டத்தில் சொல்லியிருப்பான். நுவாராவின் கல்யாண உடுப்பு நான் தைத்தது. அதில் மிஞ்சிய சிவப்புப் பட்டு கொஞ்சம் இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குளிர்காலம் முடியும்போது நுவாரா உண்டாகியிருந்தாள்.

செய்தி கேட்ட அன்று மாலை நானே நடந்து போய், அந்த மரத்தடியில் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன். இல்லை. ஆனால் அதன் பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். பெரியவருக்கு ஒரு ஆள் வேண்டும், இடத்தைக் கூட்டி வைக்க, மெழுகைச் சுரண்ட. நிலம் என்னுடையது. வேறு யாரைப் போடுவார்கள்? கூட்டத்தில் எனக்குச் சுவரோரமாக, சாய்ந்துகொள்கிற இடம் கொடுத்தார்கள். நான் பேசினால் சிரிக்காமல் கேட்டார்கள். அது பழக இரண்டு நாள் பிடித்தது, அப்புறம் பிடித்துப்போனது.

மெஸியான் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் வளைவு, வளைவு என்றான். விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டிப் பேசினான். அதைப் பார்த்தவுடன் கூட்டம் தலையைக் குனிந்துகொள்ளும். "நீங்கல்லாம் வெந்து சாவீங்கடா" என்று ஒருநாள் கத்தினான். "தலைவர் சாபம் குடுக்கறாரு" என்றார்கள். ஒருநாள் என் கடைக்கே வந்தான்.

"ஷபான், உண்மையச் சொல்லு. மொதத் துணி உன்னோடது. அந்தப் பச்சை லைனிங் எனக்குத் தெரியும். என் கோட்டுக்குள்ள அதான் இருக்கு."

"ஊர்ல பாதிப்பேர் கோட்டுல அதான் இருக்கு, மெஸியான்."

"வெயில் காலம் வருதுடா. நம்ம சண்ட நம்மளோட இருக்கட்டும். நீ ஒரு வார்த்த சொன்னா வெட்டிருவாங்க. உன் கால்ல வேணாலும் விழறேன்."

அவன் அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஏன் மறைக்கவேண்டும். கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். கடைக்குள் தனியாகக் கேட்டான். "பெரியவர் விஷயத்துல நான் யாருப்பா சொல்றதுக்கு" என்றேன்.

ஆகஸ்டில் தெற்கிலிருந்து அனல்காற்று வந்தது. பாலைவனத்து மணலோடு வருகிற காற்று. அது அடிக்கும்போது ஒலிவ இலைகூட வெளுத்துப்போகும். மத்தியானம் அந்தப் பக்கச் சரிவில் புகை எழுந்தது. யார் வைத்த தீ என்று உங்கள் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது நானில்லை, நம்பலாம். எனக்கு நெருப்பு என்றால் பயம்.

அன்றைக்கு மெஸியானின் விசில் முதல் தடவையாக ஒரு வேலை செய்தது. வீடு வீடாக ஓடி ஊதினான். கார்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவிட்டான். சாலையோரம் வெட்டியிருந்ததால் மேலே இருந்த பகுதியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவன் கணக்கில் நீங்கள் எழுதலாம். ஊர் முழுக்க இறங்கிப் போனது. கடைசியாக அவன் வேன். உள்ளே ஜூஹர், ஃபெர்ரூஜா, மாசம் நெருங்கிய வயிற்றோடு தாய்வீடு வந்திருந்த நுவாரா. ஃபெர்ரூஜா கோழியைத் தேடிக்கொண்டிருந்து கார்களைத் தவறவிட்டவள். என் கார் முன்பே செத்துப்போயிருந்தது. நான் கடை வாசலில் நின்றேன். என்னை யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை, ஆளாளுக்கு அவசரம். வேன் என்னைத் தாண்டிப் போய் நின்றது, பின்னால் வந்தது.

"ஏறுடா நாயே" என்றான் மெஸியான். ஏறினேன்.

வளைவில் தீயணைப்பு வண்டி மேலே வந்துகொண்டிருந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. அவன் கூட்டத்தில் சொன்னது அப்படியே, ஒரு சொல் மாறாமல் நடந்தது. எங்களுக்குப் பின்னால் சாலையைப் புகை மூடிவிட்டது. தீயணைப்பு வண்டியில் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். வேனை விட்டுவிட்டு எல்லோரும் இதில் ஏறுங்கள், அப்படியே பின்னால் இறக்கிக்கொண்டு போய்விடுகிறோம் என்றார்கள். வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தியபோது ஒரு சக்கரம் பள்ளத்து விளிம்பில் மண்ணைச் சரித்தது. அதை ஜூஹர் பார்த்துவிட்டாள். நுவாரா ஏற்கெனவே ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். ஜூஹர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது கவுந்துரும்டி. வா, பெரியவர்கிட்ட போயிடலாம். அவர் குடுத்த புள்ளைய அவர் பாத்துப்பார். அவர் எடம் எரியாது."

"பைத்தியமே, ஏறுடி" என்று மெஸியான் கத்தினான். "அங்க ஒருத்தரும் இல்லடி. அது இவன் கட்டுன கந்தல். இவனையே கேளு."

ஜூஹர் என்னைப் பார்த்தாள். ஃபெர்ரூஜாவும் பார்த்தாள். தீயணைப்புக்காரர் ஒருவர், நுவாராவின் முழங்கையைப் பிடித்தபடி, அவரும் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க."

அந்த மாதிரி நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது என்பார்கள். இருந்தது, ஐயா. நிறையவே இருந்தது. ஆமாம், அது என் கந்தல்தான் என்று சொன்னால் அவர்கள் ஏறிவிடுவார்கள். கீழே ஆற்றங்கரையில் ஊர் முழுக்க நிற்கிறது. அவர்கள் முன்னால் மெஸியான் என்னைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவான். இடுப்பு அளக்கிறவன், புதர் வெட்டாதவன், இப்போது இதுவும். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. புகைக்கு நடுவில் நன்றாகக் கேட்டது.

"பெரியவர் இருக்கற எடம் எரியாதும்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வழக்கத்தில் உள்ள வார்த்தை. எங்கள் மலையில் எந்தக் கிழவனைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

ஜூஹர் மகளை இறக்கினாள். ஃபெர்ரூஜா அவர்களுக்கு முன்னால் போனாள். அவர்கள் காய்ந்த குவியலைச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். நுவாரா உட்காரச் சிரமப்பட்டாள், மற்ற இருவரும் தாங்கிப் பிடித்தார்கள். தீயணைப்புக்காரர் ஒருவர் அவர்கள் பின்னால் ஓடினார். காற்றில் ஒரு தீப்பொறி வந்து விழுந்ததும் குவியல் முழுக்கப் பற்றிக்கொண்டது. அவரால் அதைத் தாண்ட முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவந்தார். மெஸியான் உள்ளே பாய்ந்தான். மூன்று பேர் சேர்ந்து இழுத்துப் போட்டு வண்டியில் ஏற்றினார்கள். திமிறினான். அவனைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. பெண்கள் விட்ட இடமும் இருந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

வண்டி கவிழவில்லை. நல்ல ஓட்டுநர்.

அவனைக் கீழே இறங்கும்வரை கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தோளைக் கடித்தான், தழும்பு இருக்கிறது. ஷபான் மட்டும் பிடிக்காவிட்டால் மெஸியானும் போயிருப்பான் என்று ஊர் பேசிக்கொண்டது. எனக்கு அது கூச்சமாகத்தான் இருந்தது.

மூவரின் அடக்கமும் முடிந்த பிறகு ஊருக்கு விளக்கம் தேவைப்பட்டது. பெரியவர் இடம் ஏன் எரிந்தது? அதற்கும் நான் வாய் திறக்கவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். ரம்பம் வைத்தவனின் மனைவி, ரம்பம் வைத்தவனின் மகள். ஃபெர்ரூஜா? அவள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், பாவம். பெரியவர் விரலோடு விட்டிருந்தார், இவன் அப்புறமும் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினான், அதனால் மீதியையும் வாங்கிக்கொண்டார். அவன் தெருவில் போனால் கதவைச் சாத்தினார்கள். வாசலில் சாம்பல் கொட்டினார்கள். தலைவர் பதவியை எடுத்துவிட்டார்கள். விசிலை அவனே எங்கோ வீசிவிட்டான்.

எனக்கு அது அதிகம் என்று பட்டது. ஒருநாள் காப்பிக்கடையில் எல்லோரும் இருந்தபோது சொல்லியே விட்டேன்: அந்த இடத்தில் பெரியவரும் கிடையாது, சின்னவரும் கிடையாது, முதல் துணியைக் கட்டியது நான்தான், ரம்பத்தின் மரையைத் தளர்த்தியதும் நான்தான் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம், அன்றைக்கு வளைவில் சிகரெட் பற்றவைத்தவன் என் முதுகைத் தடவினான். "பாவம், மனசு தாங்காம உளர்றாரு. மெஸியான் மேல இருக்கற பழியத் தன் மேல போட்டுக்கறாரு பாருங்க. என்ன மனுஷன்யா" என்றான். என் காப்பிக்கு அவனே காசு கொடுத்தான். ஆயுள் முழுக்க ஒருவன் வேடிக்கை பேசினால் இதுதான் பலன்.

அதனால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எழுதுங்கள், எழுதாமல் போங்கள். வெளியே போய் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களைத்தான் கல்லால் அடிப்பார்கள்.

மழை வந்ததும் ஓக் மரம் அடியிலிருந்து துளிர்த்தது. ஓக் அப்படித்தான், எரிந்தாலும் துளிர்க்கும். இது செடி வளர்க்கிற எவனுக்கும் தெரியும். பெண்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். போன வாரம் மெஸியான் வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஷபான், ஒரு துண்டுத் துணி குடு."

"எதுக்குப்பா?"

"மன்னிப்பு கேக்கணும். நான் அவர் மேல ரம்பம் வச்சேன்ல. அவ சொன்னா, நான் கேக்கல. நீயும் சொன்ன, இருக்காருன்னு. நான்தான் நம்பல."

அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டல் இல்லை. கண்ணில் ஒன்றுமே இல்லை. நுவாராவின் கல்யாணப் பட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது. கோணாமல், நூல் பிரியாமல் நேராக வெட்டிக் கொடுத்தேன். வளைவுவரை அவனோடு நடந்தேன். அந்தக் கையால் அவனுக்கு முடிச்சுப் போட வரவில்லை. துணி நழுவி நழுவி விழுந்தது. வாங்கி நானே கட்டினேன். என் தோளில் நெற்றியை வைத்து, "எனக்குன்னு நீ ஒருத்தன்தான்டா இருக்க" என்றான். கடித்த அதே தோள்.

இப்போது அவன் அங்கேதான் இருக்கிறான். அரசாங்கம் மண்மேட்டைச் சரித்து வளைவை அகலப்படுத்த இயந்திரம் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். அனுப்புங்கள். துளிரில் ஒரு இலையைத் தொட்டாலும் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொள்வேன் என்று அவன் ஊருக்கே சொல்லிவிட்டான். சுற்றிலும் மஞ்சள் பூச்செடி மறுபடி முளைத்து வருகிறது. அதற்கு அவன் ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுகிறான். அவன் பங்குக்கு வந்த ஊற்று. என் பங்குக்கு வந்த புதர். நான் ஒரு வேலையும் சொல்வதில்லை, தானாகச் செய்கிறான். மத்தியானத்தில் ரொட்டியும் அத்திப்பழமும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேறு யார் கொடுப்பார்கள்.

இந்தாருங்கள் சட்டை. பொத்தான் இனி உங்கள் ஆயுசுக்கும் விழாது. கூலி வேண்டாம். அன்றைக்குக் கூட்டத்தில் அவன் என்னைச் சொன்னதற்காகத்தான் இதெல்லாம் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அதை நான் அப்போதே மறந்துவிட்டேன். எதையும் மனசில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஐயா.